'உதிலைதான்' என்று போனவர்

வீட்டை விட்டு வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் வளர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பத்து வருடத்துக்கு மேல் கழிந்தும் அதை நான் விடவில்லை. அறிந்தே தீர வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கு இவர், அதாவது என் மனிசன், இந்தப் பக்கத்தில்தான் என்ற அர்த்தத்தில் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். "இல்லை, உதிலைதான்." மூலைக் கடைக்குப் போனாலும் உதிலைதான், பேர்மிங்ஹாமுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனாலும் உதிலைதான்.

இவர் ஈஸ்ட் ஹாமில் மினிகாப் ஓடினார். எனக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலையில் என்னை வேலையில் இறக்குவது இவர், பின்னேரம் வந்து ஏற்றுவது இவர். கோயிலுக்கு வெஸ்ட் ஈலிங் போவதென்றாலும், கலியாண வீட்டுக்கு வால்தம்ஸ்டோ போவதென்றாலும் இவருடைய கார்தான். தனியே பஸ் ஏறி நான் ஓர் இடத்துக்கும் போனதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கார்.

முன் சீற்றில் பத்து வருடம் இருந்தால் ஓடுகிறவரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். இவர் ஒருவரிடமும் வழி கேட்க மாட்டார். உயிர் போனாலும் கேட்க மாட்டார். வழி தவறிப்போனால், "பொறும், பொறும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, வருகிற ஒவ்வொரு முடக்கிலும் இடப் பக்கமாகவே திரும்புவார். லண்டனில் வலப் பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிற வாகனத்துக்கெல்லாம் காத்து நிற்க வேண்டும். இடப் பக்கம் என்றால் மறியல் இல்லை. நாலு தரம் திரும்பினால் வெளிக்கிட்ட தெருவுக்கே வந்துவிடலாம். "பாத்தீரோ?" என்று அப்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஏதோ லண்டனையே தான்தான் கட்டியதுபோல் இருக்கும் அந்த முகம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்தது. ஊருக்குப் போகப் பாதை இல்லை, அங்கே சண்டை. கையில் பாஸ்போட் இருக்கிறது, போக ஓர் இடம் இல்லை. என்னோடு சமையலறையில் வேலை செய்த மொரோக்கோக்காரி ஒருத்தி, தன் ஊரான ஃபெஸ்ஸைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தேய்த்திருந்தாள். "மேட்டில் ஏறினால் வாசல் வரும், பள்ளத்தில் இறங்கினால் பெரிய பள்ளிவாசல் வரும். இது ஒன்று தெரிந்தால் என் ஊரில் நீ தொலைய மாட்டாய்" என்பாள். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு கிழமைக்கு அங்கே போவோம் என்று இவரிடம் கேட்டேன். "கண்டறியாத ஊருக்கு என்னத்துக்கு?" என்றார். என்றாலும் வந்தார்.

வந்த மனிசன் என்னைப் பாடாய்ப் படுத்தினார். அங்கே ஊருக்குள் ஓடுகிற டாக்ஸி சின்னச் சிவப்புக் கார். முதன்முதலாக நாங்கள் இரண்டு பேரும் ஒரு காரின் பின் சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நான் அதை ரசிக்கலாம் என்றால் இவர் விட்டால்தானே! இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். அவர்கள் வலப் பக்கம் ஓடுவது பிழை, சிக்னல் போடாதது பிழை, ஹோர்ன் அடிப்பது பிழை. பாதி வழியில் டாக்ஸிக்காரன் நிறுத்தி, புதினாக் கட்டோடு நின்ற ஒரு பெண்ணை முன் சீற்றில் ஏற்றினான். அந்த ஊரில் அதுதான் வழக்கம். ஒரே திசையில் போகிறவர்களை இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

"இஞ்சை பாரும் இவன்ரை வேலையை! நாங்கள் பிடிச்ச காரிலை இன்னொரு ஆளை ஏத்துறான். லண்டனிலை எண்டால் இவன்ரை லைசென்ஸ் போயிடும்."

"லண்டனிலை எண்டால் புதினா மணக்காது. பேசாமல் வாங்கோ."

பழைய நகரத்துக்குள் டாக்ஸியும் போகாது, ஒரு வாகனமும் போகாது. பெரிய வளைவு வாசலில் இறக்கிவிடுவார்கள், அதற்குள் நடைதான். எங்கள் சின்ன ஹோட்டல் வாசலுக்கு உள்ளே, கொஞ்சத் தூரத்தில் இருந்தது. அந்த வாசல் நீலம் என்றார் இவர், பச்சை என்றேன் நான். இதற்கே ஒரு சண்டை. "கண் டாக்குத்தரிட்டைப் போய்க் காட்டுங்கோ" என்று பகிடிக்குச் சொன்னேன். வழக்கமாகத் திருப்பி நாலு சொல்லுகிற மனிசன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் கண்டேன், வாசலுக்கு வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. இரண்டு பேர் சொன்னதும் சரி.

உள்ளே போனால் ஒழுங்கைகள். பெரிய ஒழுங்கையிலிருந்து சின்ன ஒழுங்கை, அதிலிருந்து அதைவிடச் சின்னது, ஒரு ஆள் வந்தால் மற்ற ஆள் சுவரோடு ஒட்ட வேண்டியது. மேலே மூங்கில் தட்டி போட்டு மூடியிருப்பார்கள். சுள்ளென்ற வெய்யிலில் இருந்து அதற்குள் காலை வைத்தால் சட்டென்று இருட்டு. பின்னால் "பாலாக்! பாலாக்!" என்று சத்தம் கேட்டால் பொதி ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது என்று அர்த்தம்; உடனே விலக வேண்டும். இரண்டாம் நாள் அப்படி ஓர் ஒழுங்கையில் நான் முன்னால் நடக்க, இவர் என் தோளில் கையை வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருடக் கலியாணத்தில் வெளியிடத்தில் என்னைத் தொட்ட மனிசன் இல்லை. எங்கள் கலியாணப் படத்தில்கூட இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். நாற்பது கடந்த வயதில், ஊரெல்லாம் பார்க்க, தோளில் கை! வெட்கத்தில் முகம் சுட்டது. திரும்பிப் பார்த்தால் கையை எடுத்துவிடுவாரோ என்று பயந்து, திரும்பாமலே நடந்தேன். செருப்புக் கடை, பித்தளைக் கடை எல்லாவற்றுக்கும் அன்று மெதுவாக, மிகமிக மெதுவாக நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். இவர் காலில் சப்பாத்தைப் போட்டார்.

"தூரமோ?"

"இல்லை, உதிலைதான்."

ஏழு மணி இருக்கும். அந்த நேரம்தான் இவர் குளிசை போடுகிற நேரம். இவருக்கு எட்டு வருடமாகச் சலரோகம், அதாவது சீனி வியாதி. குளிசை போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பிந்தினால் உடம்பில் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, விழுந்துவிடுவார். இரண்டு தரம் அப்படி விழுந்து நான் வாயில் சீனி வைத்து எழுப்பியிருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்தேன், குளிசை அட்டையில் அன்றைய குளிசை இல்லை.

எட்டு மணிக்கு ஹோட்டலில் பாணும் ஒலிவ் காயும் வைத்தார்கள். நான் தொடவில்லை. எட்டரை ஆனது. ஒன்பதாகியும் ஆளைக் காணவில்லை. கீழே மேசையில் இருந்த ஹோட்டல்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எங்கே போனார், மேடம்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சொல்லாமல் போனாரா?"

"இல்லை. நான் கேட்கவில்லை."

"கோபமா?"

"கோபம் ஒன்றும் இல்லை. போகிறவரைக் கேட்டால் போகிற காரியம் நடக்காது. அது எங்கள் வழக்கம்."

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "இப்போது மட்டும் நடந்ததா, மேடம்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தெரிந்த ஆட்களுக்கு அறிவித்துப் பார்க்கலாம், நான் ஹோட்டலிலேயே இருக்கலாம் என்றார். எப்படி இருப்பது? குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம். எங்கேயோ ஓர் ஒழுங்கையில் மனிசன் விழுந்து கிடந்தால் அவருக்குச் சலரோகம் என்று யாருக்குத் தெரியும்? கைப்பையில் இனிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தரமாகத் தனியே ஒரு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினேன், அதுவும் பாஷை தெரியாத ஊரில்.

இறங்கின பிறகுதான் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வந்தது. அம்மாளாச்சி, ஒரு வழி காட்டு என்று நின்றபோது மண்டையில் பட்டது. இந்த மனிசன் வழி தவறியிருப்பார். தவறினால் ஒருவரிடமும் கேட்டிருக்க மாட்டார். அப்படியென்றால் என்ன செய்திருப்பார்? வேறென்ன, இடப் பக்கம்! இங்கே சனம் வலப் பக்கம் வாகனம் ஓடினால் என்ன, இது வாகனமே ஓடாத ஒழுங்கையென்றால் என்ன, இவர் ஈஸ்ட் ஹாமில் ஓடுகிற மாதிரித்தான் நடந்திருப்பார்.

நான் இடப் பக்கம் திரும்பினேன். முதல் ஒழுங்கை ஒரு வீட்டுக் கதவில் போய் முடிந்தது. அந்த ஊரில் பாதி ஒழுங்கைகள் அப்படித்தான். சுற்றி வரவே வராது. திரும்பி வந்து அடுத்த இடப் பக்கம். நீல ஓடு பதித்த தண்ணீர்க் குழாய் ஒன்று. அடுத்த இடப் பக்கம், படியில் செம்பட்டைப் பூனை. அதற்கடுத்ததில் ஊர்ச் சனம் பாண் சுடுகிற போறணை, நெருப்பு மணம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கார் ஓடுகிறவருக்குத் தெருப் பெயர்தான் தெரியும். பக்கத்தில் இருக்கிறவளுக்கு அல்லவா பூனையும் குழாயும் தெரியும்!

செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நின்றேன். தலையைத் தடவி மொட்டை என்று காட்டினேன். விரலால் மீசை போட்டேன். வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு வட்டம் போட்டேன். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார், இடப் பக்கமாகத்தான். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அடுத்த ஒழுங்கையில் பின்னால் "பாலாக்!" என்று கேட்டது, சுவரோடு ஒட்டி நின்றேன். காஸ் சிலிண்டர் ஏற்றிய கழுதை என் சேலையை உரசிக்கொண்டு போனது. இவருக்கு இது கேட்டிருக்குமா, விலகியிருப்பாரா?

அதற்கடுத்த ஒழுங்கை நல்ல இருட்டு. அதன் முடிவில், ஒரு வீட்டுப் படியில் இவர் இருந்தார்.

உயிரோடு இருந்தார். சேர்ட் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அந்த வீட்டுக்காரப் பெண், போறணைக்குக் கொண்டுபோகப் பிசைந்த மாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இவர் கையில் ஒரு கிளாஸைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். புதினாத் தேத்தண்ணி. அந்த ஊரில் அதற்குப் போடுகிற சீனியை நினைத்தால் நமக்குப் பல் கூசும். எட்டு வருடமாகச் சீனி போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்காத மனிசனை அந்தச் சீனிதான் காப்பாற்றியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போறணைக்குப் போனாள்.

ஆள் தப்பிவிட்டார் என்று தெரிந்த உடனே எனக்கு வாய் வந்துவிட்டது.

"விசரே உங்களுக்கு? ஹோட்டல் கார்ட்டை முதல் நாளே நான் பொக்கற்றுக்குள்ளை வைச்சனான். அதை ஆருக்கும் காட்டினால் என்ன? கேட்டால் கிரீடம் விழுந்திடுமோ?"

கார்ட் அவர் கையில்தான் இருந்தது, கசங்கிப்போய்.

"பின்பக்கம் வழி கீறியிருக்கு எண்டு எடுத்தனான்," என்றார். "எழுத்துத் தெரியேல்லை."

"கண்ணாடி போட்டனீங்கள்தானே?"

"போட்டும் தெரியேல்லை." கார்ட்டை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். "இந்த ஒழுங்கை எல்லாருக்கும் இருட்டு எண்டு நினைச்சன். இருந்து பாத்தால், சனம் சாதாரணமா நடந்து போகுது. எனக்குத்தான் இருட்டு."

போன மாரியில் இருந்தே அப்படித்தானாம். மங்கலான வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடுவதில்லையாம். டிசம்பரில் நத்தாரோடு இரவு ஓட்டத்தை விட்டார். குடிகாரரின் தொல்லை என்று எனக்குச் சொன்னார், நானும் நல்லது என்று சந்தோசப்பட்டேன். சொன்னால் லைசென்ஸ் போய்விடும், கார் போய்விடும். "கார் இல்லாட்டி உம்மை ஆர் கொண்டுபோய் இறக்கிறது?" என்றார். நாற்பத்தெட்டு வயது மனிசன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அப்போதுதான் எனக்குத் தோளில் இருந்த கை நினைவுக்கு வந்தது. நேற்று நான் மெதுவாக, மெதுவாக நடந்தேனே! அது காதல் இல்லை, வழி தெரியாததற்குப் பிடித்த பிடி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்மேல் கோபம் வரவில்லை, என்னை நினைக்கத்தான் வெட்கமாகவும் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது. நாற்பது கடந்தவளுக்கு என்ன ஆசை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அது சரி, விடியக் காலமை எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

காலடியில் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு போத்தல் பால்.

"மூண்டு நாளாப் பால் தேத்தண்ணி இல்லாமல் தலையிடிக்குது எண்டனீர்."

நானும் அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். உண்மைதான், சொன்னேன். பெட்டிக்குள் தேயிலையும் சின்னக் கேத்திலும் கொண்டுவந்துவிட்டு, பால் இல்லை என்று மூன்று நாளாகப் புறுபுறுத்தது நான்தான். எங்கே என்று ஒரு சொல் கேட்டிருந்தால், பாலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முதலில் சாப்பிடுங்கோ என்று மறித்திருப்பேன்.

"எழும்புங்கோ," என்றேன். "கையைத் தோளிலை வையுங்கோ. இனி நான் எங்கை எண்டு கேப்பன். காரியம் கெட்டாலும் கேப்பன்."

போறணை, பூனை, குழாய் என்று பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கழுதைச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். பச்சை வாசல் தெரிந்ததும் ஹோட்டலும் வந்துவிட்டது. அறையில் பாலைக் காய்ச்சித் தேத்தண்ணி போட்டேன். பால் வெய்யிலில் பாதி புளித்துத் திரைந்துவிட்டது. அதையும் குடித்தேன்.

லண்டனுக்கு வந்த கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் தமிழ்நாட்டுக்காரி. "சுகர்னால கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. லேசர் வெச்சா இருக்கற பார்வையக் காப்பாத்தலாம். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா ரொம்பக் கஷ்டம்மா," என்றார். பிறகு இவரைப் பார்த்து, "பகல்ல நல்லாவே தெரியும் சார். இருட்டுல கஷ்டம்தான். வண்டி ஓட்டுறத மட்டும் விட்டுடுங்க," என்றார். இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். காரை விற்றோம்; வாங்கிய ஆள் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது இவர் ஜன்னல் பக்கமும் வரவில்லை.

நான் பஸ் ஏறப் பழகினேன். முதல் கிழமை ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் இது எந்த இடம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். பிறகு இரண்டு பேருமாக மேல்தட்டில் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். இவருக்கு லண்டன் தெருவெல்லாம் மண்டைக்குள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே "அடுத்த முடக்கிலை ஒரு பாலம் வரும்" என்பார், வரும். பஸ் சாரதி செய்வதெல்லாம் பிழை என்றும் சொல்லிக்கொண்டு வருவார். நான் வேலைக்கு வெளிக்கிடும்போது இப்போது அவர்தான் கதவடியில் நின்றார். "தூரமோ?" என்பார். "ஃபாரஸ்ட் கேட், பள்ளிக்கூடம், மூண்டு மணிக்கு வந்திடுவன்" என்று விலாசம் முழுக்க ஒப்பிப்பேன். பழைய வழக்கத்தை அப்படி விட்டதால் எங்களுக்கு ஒரு காரியமும் கெடவில்லை.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கப் போனோம். லேசர் வைத்துப் புண் ஆறி, புதுக் கண்ணாடியும் போட்டிருந்தார். மேகமே இல்லாத வெய்யில். நடுத்தெருவில், எதிரே எங்கள் ஆட்கள் வந்துகொண்டிருக்க, தோளில் கை இருந்தது. ஃபெஸ்ஸில் பட்ட வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. நின்றேன்.

"இஞ்சாருங்கோ, இப்ப கண் தெரியுதோ?"

"ஓம்."

"அந்தக் கடைப் பலகையிலை என்ன எழுதியிருக்கு?"

வாசித்தார். பெரிய எழுத்து, அதற்குக் கீழே நடு எழுத்து, அதற்கும் கீழே கடை பூட்டுகிற நேரம் வரை, ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"அப்ப கையை எடுங்கோவன்."

"ஏன், பாரமோ?"

"இல்லை," என்றேன்.

அவர் எடுக்கவில்லை.